அடைப்புக்குறிக்குள் நிற்கும் எண்ணைப் பிள்ளைகளுக்குக் காட்டுவோம்

இராமநாதபுரம் மாவட்ட முதன்மைக் கல்வி அலுவலர் அவர்களுக்கும், கடலோரப் பள்ளிகளின் சமூக அறிவியல் ஆசிரியர்களுக்கும்,

வணக்கம்.

மண்டபம் பக்கத்தில் ஓர் அரசுப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்குச் சமூக அறிவியல் நடத்துகிறேன். 1964இல் தனுஷ்கோடி ஊரையே அழித்த புயலைப் பற்றிச் சென்ற டிசம்பரில் ஒப்படைப்பு எழுதி வரச் சொன்னேன். கடற்கரைப் பிள்ளைகள், வீட்டில் கேட்டு எழுதுவார்கள் என்று நம்பினேன். வந்த நோட்டுகளில் பாதிக்கு மேல் ஒரே வாக்கியங்கள். ஒரு மாணவி, இரயிலில் இருந்தவர்கள் இறந்த செய்தியை எழுதி, அதன் பக்கத்தில் சதுர அடைப்புக்குறி போட்டு உள்ளே 3 என்று எழுதியிருந்தாள். நீல மையில், அளவுகோல் வைத்து இழுத்த அடைப்புக்குறி. "இது என்னம்மா?" என்று கேட்டேன். "விக்கிப்பீடியாவில் இருந்தது டீச்சர். விட்டுவிட்டால் மதிப்பெண் குறையுமோ என்று எழுதினேன்" என்றாள்.

அவள் மீது குற்றமே இல்லை. அந்த எண் செய்தியின் ஆதாரத்தைக் காட்டத்தான் அங்கே நிற்கிறது என்று இத்தனை வகுப்புகளில் ஆசிரியர்கள் ஒருவரும் அவளுக்குச் சொல்லவில்லை, நான் உட்பட. அதற்காகத்தான் இந்த மடல்.

விக்கிப்பீடியாவைப் பற்றி ஆசிரியர் அறையில் இரண்டு பேச்சு உண்டு. யார் வேண்டுமானாலும் எழுதுகிற இடம், அந்தப் பக்கமே போகாதே என்பது ஒன்று. எல்லாம் அதிலேயே இருக்கிறது, பார்த்து எழுது என்பது இன்னொன்று. முதற்பேச்சுக்கு ஆதாரம் உண்டு. 2005இல் ஜான் சீகந்தாலர் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளரைக் கென்னடி கொலையோடு முடிச்சுப் போட்ட பொய், ஆங்கில விக்கிப்பீடியாவில் நான்கு மாதம் கேட்பாரின்றிக் கிடந்தது. அதே ஆண்டில் நேச்சர் இதழ் 42 அறிவியல் கட்டுரைகளை வல்லுநர்களிடம் கொடுத்துப் பார்த்தபோது, கட்டுரைக்குச் சராசரியாக விக்கிப்பீடியாவில் நான்கு பிழைகள், பிரிட்டானிக்கா கலைக்களஞ்சியத்தில் மூன்று. அந்தக் கணக்கைப் பிரிட்டானிக்கா ஏற்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

அச்சில் வந்ததெல்லாம் பழுதற்றது என்றும் சொல்ல முடியாது. பெரியசாமித் தூரன் பதிப்பித்த கலைக்களஞ்சியத்தின் முதல் ஒன்பது தொகுதிகள் 1954 முதல் 1963 வரை வந்தவை. புயல் அடித்தது 1964இல். அந்த ஒன்பது தொகுதிகளுக்கும் தனுஷ்கோடி உயிரோடிருக்கிற ஊர். தமிழில் நடந்த மிகப் பெரிய அறிவுப்பணிகளில் ஒன்று அது. அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் எந்த ஆண்டில் எழுதியது என்று முதலில் பார்க்கப் பழகாத பிள்ளைக்கு அதுவும் தவறான வழியைத்தான் காட்டும்.

நோட்டுகளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, உயர்தொழில்நுட்ப ஆய்வகத்தில் இரண்டு பாடவேளை கேட்டு வாங்கினேன். அந்த எண்களைச் சொடுக்கிப் பார்க்கச் சொன்னேன். ஓர் இணைப்பு திறக்கவே இல்லை. இன்னொன்று ஒரு நாளிதழின் நினைவுநாள் கட்டுரைக்குப் போனது. அந்தக் கட்டுரை யாரிடம் கேட்டு எழுதியது என்று அதில் இல்லை. இரயிலில் இறந்தவர்கள் எத்தனை பேர் என்பதற்குக் கரும்பலகையில் 115, 150, 200 என்று மூன்று எண்கள் சேர்ந்தன. "எது சரி டீச்சர்?" என்றார்கள். யார் எண்ணினார்கள், எதை எண்ணினார்கள் என்று தேடச் சொன்னேன். 110 பயணிகளும் 5 இரயில்வே ஊழியர்களும் சேர்ந்தது 115 என்று கண்டுபிடித்தார்கள். இரயில் விபத்து 22ஆம் தேதியா 23ஆம் தேதியா என்ற சண்டையை ஒரு பையன் தீர்த்தான்: 653ஆம் எண் பாசஞ்சர் பாம்பனை விட்டது 22ஆம் தேதி நள்ளிரவுக்குச் சற்று முன்பு. மறுநாள், அடைப்புக்குறி போட்ட அதே மாணவி வந்தாள். அவள் அப்பத்தா அப்போது தனுஷ்கோடியில் சிறுமி. "டிக்கெட் எடுக்காமல் ஏறியவர்களை யார் எண்ணினார்கள் என்று அப்பத்தா கேட்கிறது டீச்சர்" என்றாள். வகுப்பு அமைதியாகிவிட்டது. இருநூறு என்ற எண் எங்கிருந்து வந்திருக்கும் என்பது அப்போது அவர்களுக்கே புரிந்தது.

மன்னார் வளைகுடாவின் தீவுகளையும் இப்படித்தான் பார்த்தோம். 21 என்கிறது ஒரு பக்கம், 19 என்கிறது இன்னொன்று. 1986இல் தேசியப் பூங்கா அறிவித்தபோது 21. பூவரசன்பட்டி, விலங்குசல்லி இரண்டும் கடலுக்குள் போய்விட்டன.

இந்தப் பழக்கம் எங்கள் பிள்ளைகளின் வீட்டிலேயே இருக்கிறது. கடலில் நல்ல மீன்பாடு என்று ஒருவர் சொன்னதும் யாரும் வலையை ஏற்றிவிடுவதில்லை. நீ பார்த்தாயா, பிறர் சொல்லிக் கேட்டாயா, நேற்றா இன்றா, ஆண்கடலா பெண்கடலா என்று துருவுவார்கள். மன்னார் வளைகுடா ஆண்கடல், பாக் நீரிணைப் பக்கம் பெண்கடல். இவ்வளவு விசாரிக்கிற வீட்டுப் பிள்ளை, திரையில் கண்டதை மட்டும் ஏன் விசாரிக்காமல் எழுத வேண்டும்?

கைப்பேசி இப்போது விடையைத் தானே தொகுத்துச் சொல்லிவிடுகிறது. பிள்ளைகள் மூலப்பக்கத்தைத் திறப்பதே குறைந்து வருகிறது. ஆகவே காலம் தாழ்த்தாமல் கேட்கிறேன். ஒவ்வொரு பருவத்திலும் இதற்கென்று இரண்டு பாடவேளை ஒதுக்குங்கள். ஒப்படைப்புக்குத் தரும் மதிப்பெண்ணில் ஒரு பங்கைச் சரிபார்த்த விதத்துக்குக் கொடுக்கச் சொல்லுங்கள். அட்டை அலங்காரத்துக்குக் கொடுத்தது போதும். விக்கிப்பீடியாப் பக்கத்தின் மேலே இருக்கும் வரலாறு, உரையாடல் ஆகியவற்றைத் திறந்து, யார் எப்போது எதை மாற்றினார்கள், எதற்காக வாதாடினார்கள் என்று பார்க்க முதலில் ஆசிரியர்களான எங்களுக்குப் பயிற்சி கொடுங்கள். எங்களில் பலர் அவற்றைத் திறந்ததே இல்லை.

இன்னொரு கோரிக்கையும் உண்டு. அப்பத்தா சொன்னதை விக்கிப்பீடியாவில் சேர்க்கலாமா என்று அந்த மாணவி கேட்டாள். வேறெங்கும் வெளியாகாத செய்தியை அங்கே ஏற்கமாட்டார்கள், அது நியாயமான விதிதான் என்று விளக்கினேன். "அப்படியென்றால் யார் டீச்சர் வெளியிடுவார்கள்?" என்றாள். புயலைக் கண்டவர்களில் சிலர் இன்னும் இந்தக் கரையில் இருக்கிறார்கள். அவர்கள் சொல்வதைப் பிள்ளைகள் பெயரும் நாளும் குறித்து எழுதித் தந்தால், மாவட்டக் கல்வித் துறை அதை நூலாக வெளியிடுமா? அவள் எழுதிய நான்கு பக்கங்கள் என்னிடம் தயாராக இருக்கின்றன.

இப்படிக்கு,
கடலோர அரசுப் பள்ளி ஆசிரியை ஒருவர்