ஐயாவும் நீ அனுப்பிய குளிசையும்

வட்டக்கச்சி,
வைகாசி.

அன்புள்ள குகன்,

ரொறன்ரோவிலிருந்து நீ அனுப்பிய பெட்டி போன கிழமை வந்து சேர்ந்தது. சொக்லேட்டைப் பிள்ளைகள் அன்றைக்கே முடித்துவிட்டார்கள். குடையை அம்மா எடுத்துக்கொண்டா. ஜிங்கோ என்ற மரத்தின் இலைச் சாற்றில் செய்த குளிசைப் போத்தல் மட்டும் உடைக்காமல் அலுமாரிக்குள் கிடக்கிறது. "மூளைக்கு இரத்தத்தைக் கூட்டுமாம், ஐயாவுக்குக் கொடு" என்று எழுதியிருந்தாய். ஏன் கொடுக்கவில்லை என்று சொல்கிறேன், கோவிக்காதே.

ஐயா இப்போது இரவு இரண்டு மணிக்கு எழும்பி மண்வெட்டியைத் தேடுகிறார். "இண்டைக்கு எங்கட முறை, மடையைத் திறக்க வேணும்" என்கிறார். இரணைமடுக் குளத்துத் தண்ணீரை முறை வைத்துப் பங்கிட்ட மனுசன் அல்லவா. பேரனின் பெயர் போய்விட்டது. எந்த வாய்க்காலின் கீழ் எத்தனை ஏக்கர் என்பது போகவில்லை. அல்சைமர் என்ற மறதி நோயும் இரத்தக்குழாய்ப் பாதிப்பும் கலந்திருக்கிறது என்று டொக்டர் சொன்னார். அதன்பிறகுதான் நானும் இதைத் தேடி வாசிக்கத் தொடங்கினேன். பழைய விஞ்ஞான வாத்தியாருக்கு வேறு என்ன வேலை?

மூளை உடம்பின் நிறையில் நூற்றுக்கு 2 பங்குதான். ஆனால் நாம் இழுக்கிற ஒட்சிசனில் 20 பங்கை அது எடுக்கிறது. சேமித்தும் வைக்காது. இரத்தம் முழுக்க நின்றால் பத்துச் செக்கனுக்குள் நினைவு தப்பிவிடும். அதனால் எந்தப் பகுதி வேலை செய்கிறதோ அந்தப் பகுதிக்கு உடனே கூடுதலாக இரத்தம் போக வேண்டும். இப்படித்தான் நடக்கிறது என்று ரோய், ஷெரிங்டன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1890இலேயே எழுதியிருக்கிறார்கள். நரம்புக்கலம் குறிப்புக் கொடுக்க, சிறு நாடிகளின் சுவர்த்தசை தளர்ந்து குழாய் விரியும். ஐயாவின் முறைத்தண்ணீர் கணக்குத்தான்: குளத்தில் எவ்வளவு கிடந்தாலும் கேட்கிற வயலின் மடை அந்த நேரத்துக்குத் திறக்க வேண்டும்.

அல்சைமரில் இந்த மடையும் கெடுகிறது. மயிர்க்குழாய்களைச் சுற்றி பெரிசைட் என்ற கலங்கள் பிடித்துக்கொண்டிருக்கும். மூளையில் சேர்கிற அமிலோயிட் புரதம் அவற்றைச் சுருங்கவைத்து, குழாயை நெரிக்கிறது என்று லண்டன் ஆய்வாளர்கள் 2019இல் காட்டினார்கள். அதே வருடம் அமெரிக்காவில் அல்சைமர் உண்டாக்கிய எலிகளில் இன்னொன்றைக் கண்டார்கள். மயிர்க்குழாய்களில் நூற்றுக்கு இரண்டு அளவில் வெள்ளைக்குருதிக் கலங்கள் சிக்கி அடைத்திருந்தன. இரண்டுதானே என்று நீ நினைப்பாய், நானும் நினைத்தேன். ஆனால் ஒரு வாய் அடைபட்டால் அதற்குக் கீழே உள்ள கிளையெல்லாம் காய்கிறது. அந்த அடைப்பை விலக்கியவுடன் ஓட்டம் கூடி, எலிகளின் ஞாபகமும் தேறியதாம். எலிக்குச் சரி வந்ததெல்லாம் மனிதருக்குச் சரி வராது என்பதும் தெரிந்ததுதான்.

இப்போது உன் குளிசைக்கு வருகிறேன். பெரிய வாய்க்காலில் தண்ணீரைக் கூட்டினால் அடைபட்ட மடை திறக்காது. அது என் நியாயம். அதைவிட வலுவானது, 2008இல் வெளிவந்த பெரிய அமெரிக்கப் பரிசோதனை. 75 வயதுக்கு மேற்பட்ட மூவாயிரம் பேர் அளவில், பாதிப்பேருக்கு ஜிங்கோ, மற்றவர்களுக்கு வெறும் குளிசை. ஆறு வருடமளவில் பார்த்தும் மறதி நோய் வருவது குறையவில்லை. அதோடு ஐயா அஸ்பிரின் எடுக்கிறார். ஜிங்கோவும் சேர்ந்தால் இரத்தக்கசிவு வரலாம் என்ற பயமும் இருக்கிறது.

அப்புறம், ஐயா போன மாதம் கிணற்றடியில் விழுந்தார். நல்லவேளை, முழங்கையில் உரசல்தான். பிறசர் எவ்வளவு இறங்குகிறதோ அவ்வளவு நல்லது என்று தங்கச்சி கண்ணும் கருத்துமாக எல்லாக் குளிசையையும் காலையில் ஒன்றாகக் கொடுத்திருக்கிறாள். அழுத்தம் ஓரளவு ஏறி இறங்கினாலும் மூளை தன் குழாய்களைச் சுருக்கியும் விரித்தும் ஓட்டத்தைச் சமமாக வைத்திருக்கும். கனகாலம் பிறசர் இருந்தவருக்கு மூளை சமாளிக்கிற அந்த அழுத்த எல்லையே மேலே நகர்ந்துவிடும், ஆகையால் திடீரென்று இறக்கக்கூடாது. இப்போது கிளினிக்கில் இருத்தியும் எழுப்பியும் அளக்கிறார்கள். எழும்பி மூன்று நிமிடத்துக்குள் மேல் அழுத்தம் 20 இறங்கினால் கவனிக்க வேண்டுமாம். அவருக்கு 26 இறங்கியது. டொக்டர் ஒரு குளிசையை இரவுக்கு மாற்றியிருக்கிறார்.

உனக்கும் எனக்கும் கதை வேறு. மேல் அழுத்தத்தை 120க்குக் கீழே வைக்க முயன்றவர்களுக்கு மெல்லிய ஞாபகக் குறைவு வருவது குறைந்ததென்று 2019இல் ஒரு பரிசோதனை வந்தது. நீ அளந்து எத்தனை வருடம்? சிகரெட்டையும் விடவில்லை என்று உன் மனிசி போனில் சொன்னா.

மண்வெட்டியை ஒளித்துவைத்துப் பார்த்தோம், சண்டைதான் வந்தது. இப்போது டோர்ச்சுடன் நானும் வரம்புவரை போகிறேன். மடையைப் பார்த்துத் தலையாட்டிவிட்டுத் திரும்பிவிடுவார். உன்னை ஒருநாள் அந்த வாய்க்காலுக்குள் தள்ளிவிட்டதையும் நேற்றுச் சொன்னார், ஆனால் உன்னை என் தம்பி என்று நினைத்துக்கொண்டு.

அடுத்த பெட்டியில் குளிசை வேண்டாம். பிறசர் மெஷினுக்கு ஒரு சின்னப் பட்டி அனுப்பு. அவரின் கை மெலிந்துவிட்டது. இங்கே இருக்கிற பெரிய பட்டி உள்ளதைவிடக் குறைத்துக் காட்டும். மேற்கை சுற்றளவு 20 சென்ரிமீற்றர், நூல் வைத்து அளந்தேன்.

உன்,
சிவம்