வண்டியை மாற்றுவதா, பேட்டரியை மாற்றுவதா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மின்சார ஸ்கூட்டர் பற்றி உங்கள் நாளிதழில் அடிக்கடி செய்தி வருகிறது. புது மாடல், தொடுதிரை, எத்தனை நொடியில் அறுபதைத் தொடும் என்றெல்லாம் படிக்கிறேன். ஆனால் என்னைப் போல ஏற்கனவே ஒரு மின்சார வண்டி வாங்கி, நாலைந்து வருஷம் ஓட்டி, அது படுத்த பிறகு கையில் சீட்டுப் பணத்தை மட்டும் வைத்துக்கொண்டு அடுத்த வண்டி தேடுகிறவர்களுக்கு ஒரு வரி எழுதக் காணோம். அதனால்தான் இந்தக் கடிதம்.

நான் பள்ளத்தூரில் பலகாரம் செய்கிறேன். தேன்குழல், சீப்புச்சீடை, அதிரசம். காரைக்குடியில் செக்காலை, கல்லுக்கட்டி, கழனிவாசல் பக்கம் ஏழு கடைகளுக்குப் போட்டுவிட்டுத் திரும்பினால் ஒரு நாளைக்கு 32 கிலோமீட்டர் ஆகிறது, பின்னால் இரண்டு தகர டின்னும் இருக்கும். 2021-ல் லைசென்ஸ் வேண்டாம், பதிவு வேண்டாம் என்று சொன்னதை நம்பி 62,000 ரூபாய்க்கு ஒரு வண்டி வாங்கினேன். ஈயப் பேட்டரி, ஐந்து பெட்டி. வாங்கிய புதிதில் 50 கிலோமீட்டருக்கு மேல் ஓடியது. இரண்டு கோடை தாண்டுவதற்குள் பாதியாகிவிட்டது. 2023-ல் 19,000 ரூபாய்க்கு ஐந்தையும் மாற்றினேன், 2024-ல் மறுபடியும் 19,500. கூட்டிப் பாருங்கள், ஒரு லட்சத்தைத் தாண்டிவிட்டது. போன தீபாவளிக்கு முந்தின வாரம், ஒரு கல்யாண வீட்டுக்கான பலகாரத்தோடு கோட்டையூர் தாண்டும்போது வண்டி நின்றுவிட்டது. பேட்டரியே நாற்பது கிலோவுக்கு மேல், அதற்கு மேல் சரக்கு வேறு. தள்ளிக்கொண்டே போனேன். விற்ற கடை மூடி ஒரு வருஷம் ஆகிவிட்டது, கம்பெனிக்கு போன் போட்டால் எடுப்பாரில்லை.

மெக்கானிக் தம்பி பார்த்துவிட்டு, "அக்கா, இன்னொரு செட் போட்டாலும் இதே கதைதான், நான் லித்தியம் பேட்டரி ஒண்ணு கட்டித் தர்றேன், 24,000 ஆகும்" என்றான். நல்ல பையன், ஏமாற்றுகிறவன் இல்லை. ஆனால் அந்த பேட்டரியின் செல் எங்கிருந்து வருகிறது என்று அவனுக்கே தெரியவில்லை, பழைய சார்ஜரையே போடலாம் என்கிறான். ஈயத்துக்கான சார்ஜரை லித்தியத்துக்குப் போடக் கூடாது. அதுவும் உள்ளே ஒவ்வொரு செல்லையும் கண்காணித்து, சூடேறினால் துண்டிக்கிற மின்பலகை ஒழுங்காக இல்லாத பேட்டரியை வீட்டுக்குள் வைக்கவே கூடாது. 2022 மார்ச்சில் வேலூரில் இரவு சார்ஜ் போட்டிருந்த வண்டி தீப்பிடித்து, தந்தையும் மகளும் புகையில் மூச்சுத் திணறி இறந்துபோனதை நான் மறக்கவில்லை. அந்த வருஷம் இப்படிப் பல வண்டிகள் எரிந்த பிறகுதான் மத்திய அரசு பேட்டரிப் பாதுகாப்பு விதிகளைக் கடுமையாக்கி, 2022 டிசம்பரிலும் 2023 மார்ச்சிலும் இரண்டு கட்டமாக அமலுக்குக் கொண்டுவந்தது. ஏ.ஐ.எஸ். 156 என்பார்கள். பழைய வண்டி தேடுகிறவர்கள் 2023 ஏப்ரலுக்குப் பிறகு தயாரானதாகப் பார்ப்பது நல்லது என்று நான் எல்லோரிடமும் சொல்வது இதனால்தான்.

சரி, புது வண்டி வாங்கலாம் என்று ஷோரூம் ஏறினேன். என் கையில் சீட்டு எடுத்த 60,000. மத்திய அரசு மானியம் 2023 மே வரை பேட்டரிக் கொள்ளளவில் ஒரு யூனிட்டுக்கு, அதாவது ஒரு கிலோவாட்-ஹவருக்கு, 15,000 ரூபாய் வரை கிடைத்தது. 2025 ஏப்ரலில் அது 2,500 ஆகிவிட்டது, அதுவும் ஒரு வண்டிக்கு 5,000-க்கு மேல் கொடுக்கவில்லை. அதனால் லித்தியம் வண்டி என்றாலே என் பணத்துக்கு எட்டவில்லை. எட்டியதெல்லாம் மறுபடியும் அதே 25 கிலோமீட்டர் வேக வண்டிகள். அந்த வண்டிகளைக் குறை சொல்லவில்லை, ஊருக்குள் கோயிலுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போக அது போதும். மோட்டார் 250 வாட், வேகம் 25, இதற்குள் இருந்தால்தான் லைசென்ஸும் பதிவும் தேவையில்லை என்பது சட்டம். ஆனால் பெரிய ரோட்டில் லாரியும் பஸ்ஸும் முதுகுக்குப் பின்னால் ஹாரன் அடிக்கும்போது 25-ல் போவது எவ்வளவு பயம் என்பது ஓட்டியவர்களுக்குத்தான் தெரியும். ஒரு கடையில், "ஒரு ஒயரை எடுத்துவிட்டால் 45 போகும்" என்றார்கள். அப்படிச் செய்தால் அது பதிவு இல்லாத, இன்சூரன்ஸ் இல்லாத மோட்டார் வாகனம். யார் மேலாவது இடித்துவிட்டால் குடும்பமே தெருவுக்கு வந்துவிடும். தயவுசெய்து யாரும் இதற்குச் சம்மதிக்காதீர்கள். நான் லைசென்ஸ் எடுத்துவிட்டேன், நாற்பத்தெட்டு வயதில்.

இன்னொரு கடையில் தவணையில் பெரிய பேட்டரி வண்டியாகத் தலையில் கட்டப் பார்த்தார்கள். 3.5 யூனிட், 120 கிலோமீட்டர் ஓடும் என்று. எனக்கு எதற்கு? சுமையோடு போகும் ஸ்கூட்டர் ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் 35 வாட்-ஹவர் குடிக்கும். என் 32 கிலோமீட்டருக்கு 1.1 யூனிட் போதும். அதைப்போல இரண்டு மடங்கு, அதாவது 2.2 யூனிட் இருந்தால், ஐந்து வருஷம் கழித்து பேட்டரி எழுபது சதவீதமாகத் தேய்ந்தாலும் என் வேலை ஓடும். பேட்டரி பெரிதாகப் பெரிதாக வண்டி விலை மட்டுமல்ல, பின்னால் அதை மாற்றும் செலவும் பெரிதாகும். கொள்ளளவைச் சொல்லாமல் "60 வோல்ட் பேட்டரி" என்று மட்டும் சொன்னால் ஏமாந்துவிடாதீர்கள்: வோல்ட்டை ஆம்பியர்-ஹவரால் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் வருவதுதான் யூனிட். 60 வோல்ட், 38 ஆம்பியர்-ஹவர் என்றால் 2.28. இந்தக் கணக்கு பத்தாவது படிக்கும் என் மகள் சொல்லிக் கொடுத்தது.

நான் முக்கியமாகப் பார்த்த இன்னொன்று, பேட்டரியைக் கழற்றி எடுக்க முடியுமா என்பது. எங்கள் பக்கத்து வீடுகள் உங்களுக்குத் தெரியும், தெருவிலிருந்து ஆறேழு படி ஏறினால்தான் முகப்பு. நாங்கள் இருப்பது அப்படி ஒரு பழைய வீட்டின் பின்கட்டில், குறைந்த வாடகைக்கு. வண்டியை மேலே ஏற்ற முடியாது. தெருவுக்கு ஒயர் இழுத்தால் மழையில் ஆபத்து, ஆடு மாடு வேறு. அதனால் கையில் தூக்கி வந்து போடுகிற மாதிரி வேண்டும். அதையும் தூங்கப் போகும் நேரத்தில் வாசல் கதவை ஒட்டிப் போடக் கூடாது. தீ என்று வந்தால் வெளியே போகிற வழியே அடைபட்டுவிடும். நாங்கள் முற்றத்து ஓரம், பகலில்தான் போடுகிறோம். பழைய வீடுகளில் நிறைய ப்ளக்கில் எர்த் ஒயரே இருக்காது, முதலில் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு அதைப் பார்த்துவிடுங்கள். எங்களுக்கு 1,800 ரூபாய் ஆனது.

கடைசியில் காரைக்குடியில் ஒருவர் வெளிநாடு போகிறார் என்று விற்ற, 2023 கடைசியில் வாங்கிய லித்தியம் வண்டியை 52,000 ரூபாய்க்கு வாங்கினேன். கழற்றும் பேட்டரி. பார்த்ததும் வாங்கிவிடவில்லை. நூறு சதவீதம் சார்ஜ் ஏற்றி, பின்னால் தங்கச்சியை உட்கார வைத்து குன்றக்குடி, பிள்ளையார்பட்டி போய்த் திரும்பினோம். 25 கிலோமீட்டருக்கு 44 சதவீதம் இறங்கியது. இரண்டு பேரோடு இப்படி என்றால் முழுசாக 55 ஓடும், எனக்கு அது போதும். அப்புறம் ஆர்.சி.யில் உள்ள சேஸிஸ் எண்ணும் வண்டியில் உள்ளதும் ஒன்றா, கடன் பாக்கி இருக்கிறதா, பேட்டரி வாரண்டி என் பேருக்கு மாறுமா, எத்தனை சதவீதத்துக்குக் கீழே போனால் மாற்றித் தருவார்கள் என்று கேட்டேன். கடைசிக் கேள்விக்கு மூன்று முறை போய்த்தான் எழுத்தில் பதில் வாங்கினேன். சர்வீஸ் சென்டர் காரைக்குடியிலேயே இருக்கிறது. மதுரைக்கோ திருச்சிக்கோ போய்த்தான் ரிப்பேர் பார்க்க வேண்டும் என்றால் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்கியிருக்க மாட்டேன். இப்போது மாதம் 30, 35 யூனிட் கரண்ட் போகிறது, பெட்ரோல் வண்டி என்றால் இதே ஓட்டத்துக்குப் பதினெட்டு லிட்டராவது ஊற்ற வேண்டும்.

ஆனால் இந்த பேட்டரியும் ஒரு நாள் தேயும். அன்றைக்கு என்ன செய்வேன் என்பதுதான் என் கேள்வி. பேட்டரியோடு சேர்த்துப் புது மின்சார வண்டி வாங்கினால் ஜி.எஸ்.டி. 5 சதவீதம், 2019 ஆகஸ்டிலிருந்து அப்படித்தான். அதே பேட்டரியைத் தனியாக வாங்கினால் 18 சதவீதம். 25,000 ரூபாய் பேட்டரிக்கு 4,500 ரூபாய் வரி. 5 சதவீதமாக இருந்தால் 1,250. ஈயப் பேட்டரிக்கு 2024-ல் நான் கொடுத்தது 28 சதவீதம். மானியமும் ஈயப் பேட்டரி வண்டிக்குக் கிடையாது. ஆக, நல்ல சேஸிஸ், நல்ல மோட்டார் இருக்கும் வண்டியை ஒரு பேட்டரி மாற்றி இன்னும் ஐந்து வருஷம் ஓட்ட நினைக்கிறவர்கள்தான் அதிக வரி கட்டுகிறோம். பதிவு பெற்ற வண்டிக்கு, ஆர்.சி. காட்டி வாங்கும் மாற்று பேட்டரிக்கு 5 சதவீதம் போதும் என்று ஜி.எஸ்.டி. கவுன்சிலில் தமிழக அரசு கேட்க வேண்டும்.

இன்னொரு வேண்டுகோள் எங்கள் ஊருக்குள்ளேயே. காரைக்குடியில் சிக்ரி இருக்கிறது. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் கொடுத்து, 1948-ல் நேரு அடிக்கல் நாட்டி, 1953-ல் திறக்கப்பட்ட மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம், பேட்டரிதான் அவர்கள் ஆராய்ச்சியில் பெரிய பங்கு. அதன் மதில் ஓரமாகத்தான் நான் செத்த பேட்டரியோடு வண்டியைத் தள்ளிக்கொண்டு போனேன். வருஷத்துக்கு இரண்டு நாள், வண்டி வைத்திருக்கிறவர்களுக்கு பேட்டரியை அளந்து, இன்னும் எத்தனை சதவீதம் இருக்கிறது என்று ஒரு சீட்டில் எழுதிக் கொடுக்கும் முகாம் நடத்த முடியுமா என்று அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். பழைய வண்டியை விற்கிறவருக்கும் வாங்குகிறவருக்கும் அந்தச் சீட்டு ஒன்று இருந்தால் பேரம் நியாயமாக முடியும். எங்கள் பகுதி மெக்கானிக் பையன்களையும் அன்றைக்கு உள்ளே கூப்பிட்டு, எந்த பேட்டரிக்கு எந்த சார்ஜர் என்று சொல்லிக் கொடுத்தால் இன்னும் நல்லது.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
பள்ளத்தூர்.