ரத்தத்தைப் பற்றிப் பேசுவது யார்?

அன்பு மகளுக்கு,

நலம்; நலமறிய அவா. நீ அனுப்பிய ஆய்வேட்டின் முதல் இயலை நிதானமாகப் படித்தேன். விக்டோரிய காலத்து நாவலாசிரியர்கள் அறிவியலாளர்களான டார்வினையும் கால்டனையும் படித்துவிட்டுத்தான் பரம்பரையைக் கதைப்பொருளாக்கினார்கள் என்று தொடங்கியிருக்கிறாய். அந்த வரிசை எனக்குச் சரியாகப் படவில்லை.

சார்லட் பிராண்டியின் ‘ஜேன் அயர்’ நாவல் 1847இலேயே வந்துவிட்டது. உடலின் ஒவ்வொரு பகுதியிலிருந்தும் நுண்துகள்கள் வெளிப்பட்டு, இனப்பெருக்க உறுப்புகளில் திரண்டு, அடுத்த தலைமுறைக்குச் செல்கின்றன என்று டார்வின் ஊகித்தது 1868இல். அவருடைய உறவினரான கால்டன் முயல்களுக்கு வேறு முயல்களின் ரத்தத்தை ஏற்றிப் பார்த்து, அந்த ஊகத்துக்குச் சான்றில்லை என்று 1871இல் எழுதினார். பரம்பரைப் பண்புகள் கடத்தப்படும் விதிகளைக் கண்ட மெண்டலின் பட்டாணிச் செடி ஆய்வோ 1866இல் அச்சாகியும் 1900 வரை கேட்பாரற்றுக் கிடந்தது. அறிவியலே தடுமாறிக்கொண்டிருந்த காலத்தில், நாவல்களின் பாத்திரங்கள் மட்டும் எல்லாம் தெரிந்தவர்களாகப் பேசுகிறார்கள். அப்படிப் பேசுவது யார், எந்த நேரத்தில் என்று பார்.

‘ஜேன் அயர்’ நாவலின் நாயகன் ராச்செஸ்டரை எடுத்துக்கொள். முதல் மனைவி பெர்த்தா உயிரோடிருப்பது அம்பலமாகி, ஜேனுடன் நடக்கவிருந்த திருமணம் நின்றுபோன பிறகுதான், பெர்த்தாவின் குடும்பத்தில் மூன்று தலைமுறையாகப் பைத்தியம் என்ற வரலாறு அவர் வாயிலிருந்து வருகிறது. பெர்த்தாவின் தரப்பைச் சொல்ல நாவலில் ஒருவரும் இல்லை.

தாமஸ் ஹார்டியின் ‘டெஸ்’ நாவலில் (1891) இதைவிட நுட்பமான இடம் ஒன்று உண்டு. நீ அதை ஒரே வரியில் கடந்துவிட்டாய். மணநாளன்று டெஸ்ஸும் கணவன் ஏஞ்சலும் தங்கும் பழைய பண்ணை வீட்டில், அவளுடைய முன்னோரான டர்பர்வில் குலத்துப் பெண்கள் இருவரின் ஓவியங்கள் பெயர்த்தெடுக்க முடியாதபடி சுவரோடு பதிக்கப்பட்டிருக்கின்றன. ஒருத்தியின் சிரிப்பில் வஞ்சகம். இன்னொருத்தியின் பார்வையில் திமிர். மணத்துக்கு முன் இன்னொருவனால் சீரழிக்கப்பட்ட தன் கடந்த காலத்தை டெஸ் சொல்லிவிட்ட அந்த இரவில், ஏஞ்சல் அவள் அறையை நோக்கித் திரும்பும்போது கதவுக்கு மேலிருக்கும் ஓவியம் கண்ணில் படுகிறது. அதில் அவளுடைய சாயலைக் கண்டு மனம் மாறி, கீழே இறங்கிப் போய்விடுகிறான். லண்டனில் யாரோ ஒரு பெண்ணோடு இரண்டு நாள் கழித்ததைச் சற்று முன்தான் ஒப்புக்கொண்டவன், தன் குலத்தில் யாருடைய முகத்தையும் தேடவில்லை. இதே பரம்பரைப் பெயரை வைத்துக்கொள்ளும்படி திருமணத்துக்கு முன் அவளை வற்புறுத்தியவனும் அவன்தானே! இறுதியில் அவள் கொலை செய்துவிட்டு வந்து நிற்கும்போதும், டர்பர்வில் ரத்தத்தில் எந்தக் கோளாறு இதைச் செய்யவைத்தது என்று யோசிப்பது ஏஞ்சல்தான்.

ஜார்ஜ் எலியட்டுக்கு இதில் நகைச்சுவையும் கைவந்தது. 1860இல் வந்த ‘தி மில் ஆன் தி ஃப்ளாஸ்’ நாவலில், மாவு மில் முதலாளி டல்லிவர், தனக்கு அடங்கி நடப்பாள் என்று அதிகம் புத்தியில்லாத பெண்ணாகப் பார்த்துக் கட்டிக்கொள்கிறார். புத்தி மகளுக்குப் போய்விட, மகன் தாயைக் கொண்டு பிறக்கிறான். மனிதர் போட்ட கணக்கு அவர் வீட்டிலேயே பொய்த்துப் போகிறது.

ஒன்றை மட்டும் மறைக்காமல் எழுது. ஓவியத்தில் இருந்த சாயல் ஏஞ்சலின் பிரமை அன்று. கதைசொல்லியே அதை ஒப்புக்கொள்கிறார். டெஸ் சீரழிக்கப்படும் இடத்திலும், அவளுடைய முன்னோர் குடியானவப் பெண்களுக்கு இதே கொடுமையைச் செய்திருக்கக்கூடும் என்று சொல்லிவிட்டு, தந்தையர் பாவம் பிள்ளைகளைச் சேரும் என்பது சாதாரண மனித மனத்துக்கு அருவருப்பானது என்கிறார். பரம்பரைப் பேச்சு பேசுபவரின் வசதிக்காகவே வருகிறது என்ற என் வாதத்துக்கு எதிராக நிற்கும் பத்தி அது. ஆயினும் உன் இரண்டாம் இயலை அங்கிருந்தே தொடங்கு.

அன்புடன்,
அப்பா