அந்த நாலாவது பாட்டை முதலில் விடுங்கள்

ஆல்பம் போடும் தம்பி தங்கைகளுக்கும், அதில் எந்தப் பாட்டு முதலில் வெளியே போக வேண்டும் என்று முடிவு செய்கிற கம்பெனிக்காரர்களுக்கும் வணக்கம்.

நான் செக்கானூரணிப் பக்கம் ரேடியோ செட் போடுகிறவன். அப்பா காலத்திலிருந்தே இதுதான் தொழில். விசேஷ வீட்டில் குழாய் கட்டி முடித்ததும் முதலில் பிள்ளையார் பாட்டு. அது சாமி கணக்கு, அதில் நாங்கள் தேர்வு செய்ய ஒன்றுமில்லை. அதற்கு அடுத்த பாட்டுதான் எங்கள் கணக்கு. செட்டுக்காரன் தேறுவானா மாட்டானா என்று பந்தல் அதை வைத்துத்தான் முடிவு கட்டும். அந்த உரிமையில்தான் எழுதுகிறேன்.

ஆல்பத்துக்கு முன்னால் தனியாக விடுகிற முதல் பாட்டு, அதுதான் ஃபர்ஸ்ட் சிங்கிள், இப்போது முக்கால்வாசி ஒரே அச்சில் வார்த்தது. பெயரைப் பார்க்காமல் கேட்டால் எது யாருடையது என்று எனக்கே பிடிபடுவதில்லை. ரீல்ஸில் ஆட ஒரு துண்டு, அதைச் சுற்றி மிச்சப் பாட்டு. அப்புறம் ஒரு மாதம் கழித்து ஆல்பம் முழுசாக வந்து கேட்டால், நாலாவதாக ஒரு பாட்டு ஓரமாக உட்கார்ந்திருக்கும், கேட்டதும் உடம்பு சிலிர்க்கும். இதை ஏன் முதலில் விடவில்லை? அதற்குள் கூட்டம் கலைந்துவிடுகிறதே.

2021 மார்ச்சில் 'எஞ்சாயி எஞ்சாமி' வந்தது. சினிமாப் பாட்டு இல்லை, ஹீரோ இல்லை. தீயும் அறிவும் பாடியது, நடுவில் ஒப்பாரிச் சாயல் வேறு. நல்ல காரியம் நடக்கிற வீட்டில் இதைப் போட்டால் பெரியவர்கள் சத்தம் போடுவார்களே என்று கை நடுங்கத்தான் செய்தது. ஆனாலும் ஒரு காதுகுத்தில் பிள்ளையார் பாட்டுக்கு அடுத்து அதையே போட்டேன். சமையல் கொட்டகையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த ஒரு அப்பத்தா கத்தியைக் கீழே வைத்துவிட்டு, குழாய் கட்டியிருந்த வேப்பமரத்துப் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டார். பாட்டு முடிந்ததும் பேரனை என்னிடம் அனுப்பினார், "அதையே இன்னொருக்கா போடச் சொன்னாங்க" என்று.

'கொலவெறி'யும் அப்படித்தான். காதல் தோற்றவன் பேசுகிற மாதிரி இழுத்து இழுத்துப் பாடின பாட்டு, அதுவும் அனிருத்துக்கு முதல் படம். அதைத்தான் 2011 நவம்பரில் முன்னால் விட்டார்கள். 2022இல் ஹவுஸ் என்கிற நடன இசையில் ஆல்பம் போட்ட அமெரிக்கப் பாடகி பியான்சே, 2024 பிப்ரவரியில் பான்ஜோ என்கிற நரம்பு வாத்தியம் ஒலிக்க, அந்த ஊர் நாட்டுப்புறச் சாயலான கன்ட்ரி இசையில் 'டெக்சஸ் ஹோல்டம்' என்று வந்து நின்றார். அமெரிக்காவின் பில்போர்டு பத்திரிகை போடுகிற கன்ட்ரி பாடல் பட்டியலில் முதலிடம் பிடித்த முதல் கறுப்பினப் பெண் அவர்தான்.

அதற்காக, திசை மாற்றினாலே போதும் என்று சொல்ல வரவில்லை. டெய்லர் ஸ்விஃப்ட் 2017இல் இருட்டும் கோபமுமாக ஒரு ஆல்பம் போட்டுவிட்டு, 2019இல் பளிச்சென்ற வண்ணத்தில் 'மீ!' பாட்டோடு வந்தார். ஆச்சரியம்தான், ஆனால் அந்த 2019 ஆல்பத்திலேயே 'க்ரூயல் சம்மர்' இருந்தது. அது சிங்கிளாக வந்ததே 2023இல். அந்த அக்டோபரில் அமெரிக்காவில் முதலிடத்துக்கும் போனது. ஆல்பத்தின் உயிர் எந்தப் பாட்டில் இருக்கிறதோ அதை விடுங்கள் என்கிறேன். பெரும்பாலும் அது உங்களுக்குள்ளேயே சண்டை கிளப்பின பாட்டாகத்தான் இருக்கும்.

மதுரைப் பக்கத்துப் பிள்ளைகளே, உங்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. கையில் இருக்கிற காசுக்கு ஒரு பாட்டுதான் ஒழுங்காக எடுக்க முடியும், அதையும் சென்னையில் ஓடுகிற மாதிரியே எடுக்கிறீர்கள். உங்கள் தெருவில் உறுமி இருக்கிறது, முளைப்பாரிக்குக் கும்மி கொட்டுகிற அத்தைமார் இருக்கிறார்கள். அந்தச் சத்தத்தோடு ஒன்று முதலில் வரட்டும். பென்டிரைவில் கொண்டுவந்து கொடுங்கள், பிள்ளையார் பாட்டுக்கு அடுத்து நான் போடுகிறேன்.