எந்தச் சுந்தர பாண்டியன்?

ஆசிரியருக்கு,

வணக்கம். கோயில் கட்டுரைகளிலும் ஊர் வரலாற்றுப் பக்கங்களிலும் "இக்கோயில் சுந்தர பாண்டியனால் திருப்பணி செய்யப்பட்டது" என்ற வரி அடிக்கடி வருகிறது. அதோடு நின்றால்கூடப் பரவாயில்லை. அடுத்த பத்தியிலேயே தஞ்சையை எரித்தவனும், திருவரங்கத்துக்குப் பொன் வேய்ந்தவனும், டெல்லிப் படைத்தலைவன் மாலிக் காபூர் வந்தபோது வீரபாண்டியனோடு மோதிக்கொண்டிருந்தவனும் ஒரே ஆளாகிவிடுகிறார்கள். மூவரும் வேறு வேறு அரசர்கள். முதலாமவன் 1216இல் பட்டமேறிய மாறவர்மன். இரண்டாமவன் 1251இல் பட்டமேறிய சடையவர்மன். மூன்றாமவன் 1311இல் வாழ்ந்தவன். முதல்வனுக்கும் கடைசியானவனுக்கும் இடையே ஏறக்குறைய நூறு ஆண்டு.

இந்தப் பெயர் இத்தனை முறை வருவதில் வியப்பில்லை. மதுரையில் சொக்கநாதரே சுந்தர பாண்டியனாக முடிசூடி ஆண்டார் என்பது புராண மரபு. சம்பந்தர் காலத்துக் கூன் பாண்டியனையும் கூன் நிமிர்ந்தபின் சுந்தர பாண்டியன் என்கிறார்கள். போதாக்குறைக்கு, 11ஆம் நூற்றாண்டில் இராசேந்திர சோழன் மதுரையில் அமர்த்திய தன் மகனுக்குச் சடையவர்மன் சுந்தர சோழபாண்டியன் என்று பட்டம். அவன் சோழ இளவரசன். அம்பாசமுத்திரம் அருகே மன்னார்கோயிலில் அவன் காலக் கல்வெட்டுகள் உள்ளன. பெயரின் நடுவிலுள்ள 'சோழ' பொரிந்து போயிருந்தால் அவனும் பாண்டியனாகிவிடுவான்.

ஆகவே முதலில் பார்க்க வேண்டியது பெயருக்கு முன்னால் உள்ளதை. பாண்டியர் சடையவர்மன், மாறவர்மன் என்ற இரு பட்டங்களில் ஒன்றைச் சூடினர். கல்வெட்டில் இவை 'கோச்சடைபன்மரான', 'கோமாறபன்மரான' என்று இருக்கும். வரியின் தொடக்கத்தில் கல் உடைந்து 'பன்மரான திரிபுவனச் சக்கரவர்த்திகள் ஸ்ரீசுந்தரபாண்டிய தேவர்க்கு யாண்டு' என்று மட்டும் மிஞ்சியிருந்தால், அதை வைத்து ஆளைச் சொல்லவே கூடாது. கட்டுரையாளர் பலர் இந்த இடத்தில்தான் தமக்குத் தெரிந்த புகழ்பெற்ற சுந்தர பாண்டியனை உட்காரவைத்துவிடுகிறார்கள்.

பட்டம் தெளிவாக இருந்தாலும் வேலை முடியாது. 1216இல் வந்த மாறவர்மன் சுந்தர பாண்டியனை அடுத்து 1238இல் வந்தவனும் மாறவர்மன் சுந்தர பாண்டியனே. கல்வெட்டில் 'ஏழாம் ஆண்டு', அதாவது ஏழாம் ஆட்சியாண்டு என்றால் 1222-23ஆ, 1244-45ஆ? கல்வெட்டின் தொடக்கத்தில் அரசன் புகழைப் பாடும் பகுதியான மெய்க்கீர்த்தி இருந்தால் தப்பித்தோம். முன்னவனுடையது 'பூமருவிய திருமடந்தையும்' என்று தொடங்கும். 'தஞ்சையும் உறந்தையுஞ் செந்தழல் கொளுத்தி' என்பது அதில் வரும் அடி. பின்னவனுடையது 'பூமலர்த் திருவும்' என்று தொடங்கும். 1251இன் சடையவர்மனுக்கோ 'பூமலர் வளர்திகழ்'. மூன்றும் 'பூம' என்றே எழுகின்றன, இரண்டில் 'பூமலர்' வரையிலும் ஒன்று. சுண்ணாம்பு அப்பிய சுவரில் முதல் நான்கைந்து எழுத்தைப் படித்துவிட்டு முடிவு கட்டினால் ஆள் மாறிவிடும். 'சோணாடு கொண்டருளிய' போன்ற அடைமொழிகள் உதவும். ஆனால் 'எம்மண்டலமும் கொண்டருளிய' என்பதை நம்ப முடியாது. 1251இன் சடையவர்மனுக்கும், 1268இல் வந்த மாறவர்மன் குலசேகரனுக்கும் அது பொது.

மெய்க்கீர்த்தி இல்லாத கல்வெட்டுகளே மிகுதி. அவற்றுக்கு நாள் குறிப்புதான் கதி. 'மிதுன நாயிற்று பூர்வபட்சத்து சதுர்த்தியும் வியாழக்கிழமையும் பெற்ற பூசத்து நாள்' என்பது போன்ற அமைப்பு. மிதுன நாயிறு என்பது ஆனி மாதம், பூர்வபட்சம் வளர்பிறை, அபரபட்சம் தேய்பிறை. முதலில் குறிப்பு தனக்குள் பொருந்துகிறதா என்று பாருங்கள். ஆனி மாத வளர்பிறைச் சதுர்த்தியில் சந்திரன் பூசம் முதல் பூரத்துக்குள்தான் இருக்க முடியும். அதிலும் பூசம் என்றால் மாதத்தின் முதல் பத்துப் பதினொரு நாளுக்குள். அதே திதி தேய்பிறையானால் உத்திராடம், திருவோணம், அவிட்டம், சதயம் என்றுதான் அமையும். மைப்படியில் (கல்வெட்டின் மேல் தாளை வைத்து மையால் எடுத்த படி) 'அபரபட்சம்' என்றும் 'பூசம்' என்றும் ஒருசேரப் படித்திருந்தால், இரண்டில் ஒன்று தவறான வாசிப்பு.

பொருந்திய குறிப்பும் ஒரே ஆண்டைக் காட்டாது. திதியும் நட்சத்திரமும் கிழமையும் இப்படிச் சேர்வது ஒரு நூற்றாண்டிலேயே சில முறை நிகழும். அதனால்தான் கல்வெட்டுக் காலக்கணிப்பு அறிஞர்களான கீல்ஹார்னும் சுவாமிக்கண்ணுப் பிள்ளையும் பல கல்வெட்டுகளைச் சேர்த்துக் கணித்தார்கள். ஒவ்வொன்றிலும் கணித்த தேதியிலிருந்து ஆட்சியாண்டைக் கழித்துப் பட்டமேறிய காலத்துக்கு ஓர் எல்லை காண்பது, எல்லா எல்லைகளும் ஒன்றன்மேல் ஒன்று விழும் சிறு இடைவெளியைப் பிடிப்பது என்பதே முறை. 1251இன் சடையவர்மனுக்கு அந்த இடைவெளி ஏப்ரல் மாதத்தின் சில நாட்களாகச் சுருங்கியது. பின்னர் கல்வெட்டு ஆய்வாளர் குடந்தை ந. சேதுராமன் இதே வழியில் பாண்டியர் பலரைப் பிரித்துக் காட்டினார்.

கழிக்கும்போது 'எதிர்' என்ற சொல்லை விட்டுவிடக் கூடாது. 'யாண்டு இரண்டாவதின் எதிர் பதினொன்றாவது' என்றால் இரண்டையும் கூட்டிப் பதின்மூன்றாம் ஆண்டு. பதினொன்று என்று எடுத்தால் கணக்கு இரண்டு ஆண்டு பிசகி, சரியான அரசனே பொருந்தாமல் போவான்.

இன்று கணினியில் கணிப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. அக்கால ஆங்கிலத் தேதிகள் ஜூலியன் நாட்காட்டிப்படி தரப்படுபவை. 13ஆம் நூற்றாண்டில் அதற்கும் இன்றைய கிரிகோரியனுக்கும் வேறுபாடு சரியாக 7 நாள். எனவே நாட்காட்டியை மாற்றிப் போட்டாலும் கிழமை ஒத்துவரும், தவறு கண்ணில் படாது. திதியும் நட்சத்திரமும்தான் அதைக் காட்டிக்கொடுக்கும். கிழமை மட்டும் சரிபார்த்த கணிப்பை ஏற்காதீர்கள்.

வெளிநாட்டார் குறிப்புகளிலும் இதே சிக்கல். மார்க்கோ போலோ சொல்லும் 'சுந்தர் பந்தி' 1290களை ஒட்டியவன். 1276-77 வாக்கில் ஆட்சிக்கு வந்த இன்னொரு சடையவர்மன் சுந்தர பாண்டியனைத்தான் அங்கே தேட வேண்டும். பொன் வேய்ந்த பெருமாளை, அதாவது 1251இன் சடையவர்மனைக் கொண்டுபோய் அவர் முன் நிறுத்துவது காலத்துக்கு ஒவ்வாது.

தங்கள் இதழுக்கு என் வேண்டுகோள்: சுந்தர, வீர, குலசேகர, விக்கிரம என்று எந்தப் பாண்டியன் பெயர் வந்தாலும், முன்னால் சடையவர்மனா மாறவர்மனா என்பதையும், அடைப்புக்குறிக்குள் பட்டமேறிய ஆண்டையும் அச்சிடுங்கள். தெரியாவிட்டால், கல்வெட்டின் முதல் வரியை உள்ளது உள்ளபடி, சிதைந்த இடத்தில் புள்ளியிட்டு, தொல்லியல் துறை ஆண்டறிக்கை எண்ணோடு கொடுங்கள். அந்த ஒரு வரி போதும், படிப்பவர் தாமே தேடிக் கண்டுகொள்வார்.

இங்ஙனம்,
கல்வெட்டு ஆர்வலர் ஒருவர்,
மதுரை