லுஷோட்டோ மலையிலிருந்து

அன்புள்ள முருகேசா,

உன் கடிதம் கிடைத்தது. பேத்தி பிறந்த செய்தியில் ரொம்ப சந்தோஷம். மண்டியைப் பையனிடம் விட்டுவிட்டுக் காலையில் மட்டும் போய் உட்கார்ந்து வருகிறாயாமே, அதைத்தான் நம்ப முடியவில்லை.

வேலை விஷயமாக, தான்சானியாவின் டாங்கா கடற்கரையை விட்டு லுஷோட்டோவுக்கு வந்திருக்கிறேன். ஆப்பிரிக்கா என்றாலே வெயில் என்பாய். உசம்பாரா மலையில் சுமார் 1,400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது இந்த ஊர், ஜூனில் ஸ்வெட்டர் இல்லாமல் வெளியே தலைகாட்ட முடியாது. இந்தக் குளிருக்காகவே ஜெர்மன்காரர்கள் வந்து குடியேறி, வில்ஹெல்ம்ஸ்டால் என்று தங்கள் பேரரசர் பெயரை ஊருக்கு வைத்துக்கொண்டார்கள்.

மலையடிவாரத்தில் மொம்போ. அந்தச் சமவெளியில் நாருக்காக வளர்க்கும் சிசல் கத்தாழை வரிசை வரிசையாக நிற்கிறது. 1893இல் ஹின்டார்ஃப் என்ற ஜெர்மானியர் புளோரிடாவிலிருந்து வரவழைத்த கன்றுகளில் பிழைத்தவை 62தானாம். அதிலிருந்து ஒரு நாட்டின் ஏற்றுமதியே எழுந்தது. ஆனால் மலையில் இருந்த சம்பா மக்களுக்குச் சொந்த நிலத்தை விட்டுத் தோட்டக் கூலிக்குப் போக மனமில்லை. 1907இல் ஜெர்மன் ஆட்சியாளர்கள் அவர்கள் கையில் வேலை அட்டையைக் கொடுத்து, 4 மாதத்துக்கு 30 நாள் வெள்ளைக்காரனிடம் கூலி வேலை செய்தே ஆக வேண்டும் என்றார்கள். பின்னால் வந்த பிரிட்டிஷார், மண் அரிப்பைத் தடுக்கிறோம் என்று சரிவெல்லாம் வரப்பு போடச் சொல்லிக் கட்டாயப்படுத்தினார்கள். ஜனங்கள் எதிர்த்து நின்றதில் 1950களிலேயே அதைக் கைவிட வேண்டியதாயிற்று. மண் அரிப்பு பொய்யில்லை, இப்போதும் மழைக்குப் பிறகு ஓடையெல்லாம் செம்மண் நிறம்தான். கட்டாயப்படுத்தியதுதான் கெடுத்தது என்பது என் எண்ணம்.

நிலம் அப்பாவிடமிருந்து பிள்ளைகளுக்குப் பிரிந்து பிரிந்து துண்டாகிவிட்டது. சரிவில் மக்காச்சோளம், அவரை, வாழை, கொஞ்சம் காப்பி. தண்ணீர் கிடைக்கும் பள்ளத்தாக்கில் முட்டைக்கோஸ், கேரட், தக்காளி. பையன்கள் பலர் தார் எஸ் சலாம் நகரத்துக்குப் போய்த் தெருவில் துணி விற்கிறார்கள். விவசாய வேலையில் பாதிக்கு மேல் பெண்கள் தலையில்.

சரி, உனக்குப் பிடித்த விஷயத்துக்கு வருகிறேன். இங்கே உருளைக்கிழங்குக்கும் கோஸுக்கும் விலை மூட்டைக் கணக்கில். வியாபாரி கொண்டுவரும் சாக்கின் வாயில் இன்னொரு சாக்கையோ வலையையோ வைத்துத் தைத்து, கோபுரம் மாதிரி நிரப்பி ஒரே மூட்டை என்பார்கள். இதற்கு லும்பேசா என்று பெயர். மூட்டை 100 கிலோவைத் தாண்டக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. ஆனால் உள்ளூர் மன்ற வரியும் லாரி வாடகையும்கூட மூட்டைக்கு இவ்வளவு என்றுதான். மூட்டை பெருக்கப் பெருக்க வாங்குகிறவனுக்கு லாபம். அதிகப்படி சரக்கு விவசாயியின் கணக்கில் ஏறுவதே இல்லை.

ம்லாலோ பக்கத்து விவசாயி ஒருவரிடம், 'தராசு வைக்கச் சொல்லக் கூடாதா?' என்று கேட்டேன். 'சொன்னால் லாரி அடுத்த தோட்டத்துக்குப் போய்விடும், என் கோஸ் நாளைக்குள் வாடிவிடும்' என்றார். தராசு வந்தால் எல்லாம் சரியாகும் என்பவர்களை அதனால்தான் நான் நம்புவதில்லை. இரண்டு நாள் சரக்கை வைத்திருக்க இடமும், அவசரத்துக்குக் கையில் கொஞ்சம் காசும் இருந்தால்தான் அவரால் பேரம் பேச முடியும். சிலர் சேர்ந்து விற்றுப் பார்க்கிறார்கள். அதில் ஒருவருக்கு மருத்துவச் செலவு வந்தால் போதும், அவர் தனியாக விற்றுவிடுகிறார். அவரைக் குறை சொல்ல முடியுமா?

முழங்கால் வலி அப்படியே இருக்கிறது, மலைச்சரிவில் இறங்கும்போது இன்னும் மோசம். டிசம்பரில் வருவதாக இருக்கிறேன், டிக்கெட் போட்டதும் எழுதுகிறேன். அப்புறம், ஒன்று கேட்க வேண்டும், கோபிக்காதே. உங்கள் மண்டியில் மூட்டைக்கு இத்தனை கிலோ கழிவு என்று பிடிப்பீர்களே, பையன் காலத்திலும் அது நடக்கிறதா?

அன்புடன்,
சுந்தரம்