அருகிலுள்ள சேவை மையமா, எங்கே?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பிதழில் கேமரா பேட்டரி பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். "அசல் பேட்டரி வாங்கத் தயங்குகிறவர்கள் விலை உயர்ந்த கேமராவை வாங்காமலிருப்பதே நல்லது. சந்தேகம் இருந்தால் அருகிலுள்ள அங்கீகரிக்கப்பட்ட சேவை மையத்தை அணுகவும்" என்று முடித்திருந்தார் கட்டுரையாளர். அவர் எந்த ஊர்க்காரரோ தெரியாது. நான் செங்கோட்டையில் ஸ்டூடியோ வைத்திருப்பவன். எனக்கு அருகில் இருப்பது கேரள எல்லையோரப் புளியரை செக்போஸ்ட். அங்கே பேட்டரி பார்ப்பதில்லை. மற்றபடி மதுரைக்குப் போக வேண்டும், இல்லை மலையிறங்கித் திருவனந்தபுரம் போக வேண்டும். எங்கே போனாலும் ஒரு நாள் பிழைப்பு போச்சு.

1956 நவம்பர் 1-ஆம் தேதி இந்த ஊர் திருவிதாங்கூர்-கொச்சியை விட்டுச் சென்னை மாநிலத்தில் சேர்ந்தது. அந்தத் தகவல் உங்கள் செய்தி மேசைக்கு இன்னும் வந்து சேரவில்லை என்றே நினைக்கிறேன். ரேஷன் அரிசி பிடிபட்டால், கேரளத்துக் கோழிக்கழிவு லாரி சிக்கினால், குற்றாலத்தில் தண்ணீர் விழுந்தால் மட்டும் எங்கள் பக்கம் உங்கள் கண்ணில் படுகிறது. அந்தக் குற்றாலப் படத்திலும் ஒரு கதை உண்டு. நான் எடுத்து அனுப்பிய மெயின் அருவிப் படத்தை முதல் பக்கத்தில் பெரிதாகப் போட்டீர்கள், மகிழ்ச்சி. கீழே "நமது நிருபர்" என்று இருந்தது. போன் செய்து கேட்டதற்கு "அடுத்த தடவை பார்க்கலாம் சார்" என்றார்கள். அடுத்த சீசனும் வந்து போய்விட்டது.

சரி, பேட்டரிக்கு வருகிறேன்.

எனக்குப் பாதி வேலை மலைக்கு அந்தப் பக்கம். புனலூர், கொட்டாரக்கரை என்று கல்யாணம் இருந்துகொண்டே இருக்கும். அங்கே தாலிகட்டு சில நிமிஷத்தில் முடிந்துவிடும். "சேட்டா, ஒரு நிமிஷம், பேட்டரி மாத்திக்கிறேன்" என்றெல்லாம் மாப்பிள்ளையிடம் சொல்ல முடியாது. ரெண்டு கேமரா, அதில் ஒன்று வீடியோ ஓடிக்கொண்டே இருக்கும் என்றால் பையில் அரை டஜன் பேட்டரி இல்லாமல் வீட்டை விட்டுக் கிளம்ப முடியாது. அத்தனையும் கம்பெனி பேட்டரியாக வாங்கு என்கிறார் கட்டுரையாளர். நல்லது. அப்படி நினைத்து வாங்கியதைத்தான் சொல்லப் போகிறேன்.

விலை குறைவு என்று ஆசைப்படவில்லை. பெரிய ஆன்லைன் தளம் ஒன்றில், கிட்டத்தட்ட முழு விலை கொடுத்து, கேனான் பெயர் போட்ட எல்பி-ஈ6என் என்ற பேட்டரி வாங்கினேன். பெட்டி, ஹாலோகிராம், பிளாஸ்டிக் மூடி எல்லாம் கச்சிதம். சில மாதம் கழித்து ஒரு ரிசப்ஷனில், கேமராவின் அடிமூடியைத் திறந்து உள்ளே பேட்டரியைப் பிடித்திருக்கும் சின்னக் கொக்கியைத் தள்ளினேன். வழக்கமாக ஸ்பிரிங் தள்ளிப் பேட்டரி எம்பி வெளியே வரும். வரவில்லை. தொட்டால் சுடுகிறது, விளிம்பு உப்பி உள்சுவரோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. கத்தி வைத்து நெம்பலாம் என்றார் வீடியோ தம்பி. லித்தியம் பேட்டரியில் கத்தி பட்டால் மண்டபமே காலியாகும் என்று தடுத்தேன். சேவை மையத்தில்தான் எடுத்தார்கள், உள்கூட்டை உடைத்து. "இது எங்கள் தயாரிப்பு இல்லை, வாரண்டி கிடையாது" என்றார்கள். விற்ற தளம், திருப்பி அனுப்பும் நாள் தாண்டிவிட்டது என்றது. "அசலையே வாங்குங்கள்" என்று உங்கள் கட்டுரை மூன்று இடத்தில் சொல்கிறது!

ஊருக்கு வந்து பக்கத்து நகைக்கடை அண்ணாச்சியின் தராசில் வைத்துப் பார்த்தோம். கேமராவோடு வந்த பேட்டரி 80 கிராமை ஒட்டி நின்றது. உப்பியது அறுபதைத் தாண்டவில்லை. "தங்கத்துலதான் இப்படின்னு நெனச்சேன்" என்றார் அண்ணாச்சி.

கட்டுரையாளர் செய்த பெரிய தவறு, வேறு கம்பெனி தன் சொந்தப் பெயரில் செய்து விற்கும் பேட்டரியையும், பெரிய கம்பெனியின் பெயரைத் திருடி ஒட்டிய போலியையும் ஒரே கூடையில் போட்டது. ஊர் மில்லில் அரைத்த மிளகாய்ப்பொடியும், பிரபல பாக்கெட்டில் அடைத்த செங்கல்பொடியும் ஒன்றா? சொந்தப் பெயர் போட்ட மாற்று பேட்டரிகளை நான் வருஷக்கணக்கில் ஓட்டுகிறேன். சிலது சார்ஜ் அளவைச் சரியாகக் காட்டாது, புதிய கேமராக்கள் "இதில் கேனான் சின்னம் இருக்கிறதா" என்று கேட்கும், அவ்வளவுதான். பார்க்க வேண்டியது உள்ளே, சார்ஜ் எல்லை மீறாமல் தடுக்கும் காவல் சர்க்யூட்டும் சூடு அறியும் உணரியும் ஒழுங்காக இருக்கின்றனவா என்பதை. அதை நாம் பிரித்துப் பார்க்க முடியாது. அதற்குத்தான் இந்தியத் தர நிர்ணய அமைப்பான பிஐஎஸ்ஸின் முத்திரை. இந்தியாவில் விற்கும் லித்தியம் பேட்டரியில் ஐஎஸ் 16046 என்ற தர எண்ணும், 'ஆர்' என்று தொடங்கும் பதிவெண்ணும் இருக்க வேண்டும். அந்தப் பதிவெண்ணை 'பிஐஎஸ் கேர்' செயலியில் போட்டால் எந்த கம்பெனிக்குக் கொடுத்தது என்று வந்துவிடும். முழுப்பக்கக் கட்டுரையில் இதற்கு ஒரு வரி இல்லை.

அப்புறம், "எம்ஏஎச் கூடுதலாக உள்ளதைத் தேர்ந்தெடுங்கள்" என்ற யோசனை. எம்ஏஎச் என்பது பேட்டரி எவ்வளவு சார்ஜ் பிடிக்கும் என்ற கணக்கு. 2008-இல் கேனானின் எல்பி-ஈ6 பேட்டரி வந்தபோது 1800. 2020-இல் வந்த எல்பி-ஈ6என்எச் 2130. அதே அளவுக் கூட்டில், பன்னிரண்டு வருஷத்தில் அந்தக் கம்பெனியால் ஏற்ற முடிந்தது அவ்வளவுதான். இதே கூட்டில் 3000 என்று அச்சடித்தவனை நம்பச் சொல்கிறீர்களா?

கெட்டுப்போனதைப் "பாதுகாப்பாக அகற்றவும்" என்றும் போட்டிருந்தது. எங்கே? தயாரிப்பாளர்தான் திரும்ப வாங்கி அகற்ற ஏற்பாடு செய்ய வேண்டும் என்று 2022-இல் விதியே வந்துவிட்டது. தூய்மைப் பணியாளர் அம்மா கையில் கொடுத்தால் அது குப்பை வண்டியில் நசுங்கித் தீப்பிடிக்கும். முனைகளில் டேப் ஒட்டி, மணல் நிரப்பிய பெயிண்ட் டப்பாவில் போட்டு, கொல்லைப்புறத்தில் வைத்திருக்கிறேன். கேரளத்துக் கழிவைப் பற்றி அத்தனை தலையங்கம் எழுதினீர்களே, நம் பக்கத்துக் கழிவுக்கு ஒன்று எழுதக்கூடாதா?

உங்களுக்குத் தெரியாததை நான் சொல்லிவிடவில்லை. பிஐஎஸ் பதிவெண்ணைச் சரிபார்ப்பது எப்படி என்று நாலு வரி, அடுத்த ஞாயிறு ஒரு சின்னப் பெட்டியில் போட்டால் போதும். என் பெயர் வேண்டாம். உங்களுக்கும் அதைப் போட்டுப் பழக்கமில்லை.

இப்படிக்கு,
ஸ்டூடியோக்காரன்,
செங்கோட்டை.